ஏழாவது வரி

ஆம்பூர் பைபாஸை ஒட்டியிருந்த அந்த ஷூ கம்பெனியில் யாருக்காவது ஏதாவது திறக்கவில்லை என்றால்தான் ஃபீபியின் ஞாபகம் வரும். கம்ப்யூட்டரில் நுழைய முந்நூறு பேருக்குப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தது அவள்தான். அவர்களில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது.

அவளுக்கு முப்பத்தாறு வயது. வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்த அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் மஸ்கட்டில். சத்துவாச்சாரி வீட்டில் அவள் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் யாராவது பேச்சுக் கொடுத்தால் உண்டு. இல்லையென்றால் திங்கட்கிழமை காலை கண்டக்டரிடம் "ஆம்பூர் ஒண்ணு" என்று சொல்லும்போதுதான் குரல் வெளியே வரும்.

2004 பிப்ரவரியில் இருந்து அவளோடு சாப்பிட ஒரு ஆள் வந்தது. டிசைன் செக்‌ஷனில் ஷூ மாதிரிகளைக் கம்ப்யூட்டரில் வரையும் சௌந்தர்யா, ஒடுகத்தூர் பெண். கணவன் ராஜேஷ் அதே கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தான். அவன் அடி தாங்காமல் ஜனவரியில் வீட்டை விட்டு வந்து, ஜோலார்பேட்டையில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு ரிட்டயர்டு ரயில்வே கார்டு வீட்டு மாடியில் ரூம் எடுத்திருந்தாள். கேன்டீனில் அவன் கண்ணில் படக் கூடாது என்றுதான் முதலில் ஃபீபியின் ஏ.சி. அறைக்கு டிபன் பாக்ஸோடு வந்தாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. அவள் வருவாள் என்று ஃபீபி ஊறுகாய் கூட எடுத்துவர ஆரம்பித்தாள்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை சௌந்தர்யா இடது கையைக் கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். முந்தின நாள் ராஜேஷ் ஜோலார்பேட்டைக்கே வந்துவிட்டான். மாடிப்படியில் இழுத்துத் தள்ளியதில் மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுவிட்டது. தெருவே கூடிவிட்டதால் வீட்டுக்காரரும் மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர் அஜீஸுன்னிசாவிடம் மட்டும்தான் அந்த முகவரியைச் சொல்லியிருந்தாள் சௌந்தர்யா. ஆறு வருஷத் தோழி. கம்பெனி விதிப்படி, ஊழியர் விவரங்களை வைத்திருக்கும் பர்சனல் ஆபீஸிலும் எழுதிக் கொடுத்திருந்தாள், ஆனால் அங்கிருந்து வெளியே போகாது என்று நம்பினாள்.

"அவதான்க்கா சொல்லியிருக்கா. வேற யாருக்குத் தெரியும்?" என்றாள். காலையிலேயே கேட்டும் விட்டாளாம். அஜீஸுன்னிசா அழுதாளாம். இனி அவள் முகத்தில் முழிக்கப் போவதில்லை என்றாள்.

ஃபீபி திரும்பி அறை மூலையைப் பார்த்தாள்.

அவள் அறை மூலையில் இருந்த சாம்பல் நிறப் பெட்டிதான் டைரக்டரி சர்வர். ஒவ்வொரு ஊழியருக்கும் அதில் ஒரு பதிவு உண்டு: பெயர், செக்‌ஷன், இன்டர்காம் நம்பர், வீட்டு முகவரி. மெயிலில் இருந்து ஸ்டாக் வரை எந்த புரோகிராமும் ஆளை உள்ளே விடலாமா என்று அதைத்தான் கேட்கும். யார் எதைப் பார்க்கலாம் என்ற விதிகளும் அதிலேயே வரி வரியாக இருந்தன. எழுதியவள் அவள்.

மத்தியானம் அந்த விதிகளைத் திறந்து பார்த்தாள். ஏழாவது வரியில் தெளிவாக இருந்தது: வீட்டு முகவரியை அந்த ஆளும் பர்சனல் ஆபீஸும் மட்டும் பார்க்கலாம். மூச்சு வந்தது. இருந்தாலும் மனசு ஆறாமல், சர்வர் வைத்த இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத ஒன்றைச் செய்தாள். சாதாரண ஊழியர் மாதிரி ஒரு பெயரை உண்டாக்கி, அந்தப் பெயரில் உள்ளே போனாள். சௌந்தர்யாவின் முகவரி, கதவு எண்ணோடு, திரையில் வந்து நின்றது.

காரணம் மூன்றாவது வரியில் இருந்தது. உள்ளே நுழைந்த யாரும் எல்லாவற்றையும் படிக்கலாம் என்று, ஆரம்பத்தில் சோதனைக்காக அவள் போட்டு வைத்தது. சர்வர் விதிகளை மேலிருந்து படிக்கும். முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும். ஏழாவது வரைக்கும் அது ஒரு நாளும் வந்ததே இல்லை. அவள் நுழைவது மாஸ்டர் பெயரில். அதற்கு எந்த விதியும் கிடையாது, எப்போதும் எல்லாம் தெரியும். அதனால் மற்றவர்களுக்கு என்ன தெரிகிறது என்று அவள் பார்த்ததே இல்லை.

யார் எப்போது எதைத் தேடினார்கள் என்ற பதிவையும் எடுத்தாள். வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, டெஸ்பாட்ச் கம்ப்யூட்டரில் இருந்து, ராஜேஷின் பெயரில், சௌந்தர்யாவின் பதிவு.

ஏழாவது வரியைத் தூக்கி மூன்றாவதுக்கு மேலே வைக்கவும், மறுபடி சோதனைப் பெயரில் போய்ப் பார்க்கவும் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முகவரி இருந்த இடம் காலியாக இருந்தது.

பர்சனல் மேனேஜர் சர்தார் பாஷாவிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார். நல்ல மனுஷன், ரிட்டயராக ஒரு வருஷம் இருந்தது.

"சரி பண்ணிட்டீங்க இல்லம்மா? அதோட விட்ருங்க. வெளிய போச்சுன்னா உங்களுக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு."

ஃபீபி தலையாட்டிவிட்டு வந்தாள்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சௌந்தர்யா வந்து உட்கார்ந்தாள். ஒரு கையால் டிபன் பாக்ஸைத் திறக்க முடியாமல் நீட்டுவாள், ஃபீபி திறந்து கொடுப்பாள். அஜீஸுன்னிசாவோடு பேச்சு நின்றுவிட்டதால் டீ நேரத்திலும் இங்கேயே வந்தாள். புதன்கிழமை கண்ணாடிக் கதவுக்கு வெளியே அஜீஸுன்னிசா வந்து நின்று, உள்ளே இருவரையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். சௌந்தர்யா முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் கவனிக்கவில்லை. ஃபீபி பார்த்தாள். கூப்பிடவில்லை. இந்தப் பெண் இனி முழுக்கத் தன்னிடம்தான் வருவாள் என்ற ஒரு சந்தோஷம் உள்ளே எங்கோ ஓடியதை அந்த நேரத்தில் கண்டுகொண்டாள். டிபன் பாக்ஸைப் பாதியிலேயே மூடி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்த கையோடு சொல்லிவிட்டாள். மூன்றாவது வரி, ஏழாவது வரி எல்லாவற்றையும் சொன்னாள். ராஜேஷ் பெயர் இருந்த தாளையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தாள்.

"அஜீஸுன்னிசா சொல்லல. என்னாலதான் அவனுக்குத் தெரிஞ்சுது."

சௌந்தர்யா தாளை வாங்கிப் பார்த்தாள்.

"எப்பத்துல இருந்துக்கா தெரியும் உங்களுக்கு?"

"திங்கக்கிழமைல இருந்து."

"நாலு நாளா தெரிஞ்சுதான் என்கூட உக்காந்து சாப்ட்டீங்களா?"

சௌந்தர்யா ஒரு கையால் மூடியை அழுத்தி மூடப் பார்த்தாள். அது சரியாக மூடவில்லை. உதவிக்கு நீண்ட ஃபீபியின் கையை விலக்கிவிட்டு, தாளையும் எடுத்துக்கொண்டு, பாதி மூடிய பாக்ஸோடு எழுந்து போனாள். டிசைன் செக்‌ஷன் இடது பக்கம். அவள் வலது பக்கம் திரும்பித் தையல் செக்‌ஷனுக்குப் போவதை ஃபீபி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாளை வைத்து சௌந்தர்யா போலீஸில் புகார் கொடுத்தாள். ஆபீஸ் சார்பில் தாளில் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஃபீபி போட்டாள். ஒரு வாரமாக அவளோடு பேசாமல் இருந்த சர்தார் பாஷாவும் கடைசியில் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார். ராஜேஷை வேலையை விட்டு நிறுத்தினார்கள். சௌந்தர்யா வேறு எங்கோ வீடு பார்த்துப் போனாள். அஜீஸுன்னிசாதான் பார்த்துக் கொடுத்தாள் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள்.

புது முகவரி பர்சனல் ஆபீஸ் வழியாக சர்வருக்கு வந்திருக்கும். மாஸ்டர் பெயரில் போனால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஃபீபி தனக்கும் மற்றவர்களைப் போல ஒரு சாதாரணப் பெயரை உண்டாக்கிக்கொண்டு, மாஸ்டர் பாஸ்வேர்டை நினைவில் நிற்காத நீண்ட எழுத்து வரிசையாக மாற்றி, எழுதி, கவரில் போட்டு ஒட்டி, சர்தார் பாஷாவின் பீரோவில் வைக்கக் கொடுத்தாள். தேவைப்பட்டால் இருவர் முன்னிலையில் பிரிக்கலாம் என்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கிப் பூட்டினார். அன்றைக்கு சௌந்தர்யாவின் பதிவைத் திறந்து பார்த்தாள். பெயர், செக்‌ஷன், இன்டர்காம் 214. அவ்வளவுதான் வந்தது.

வராந்தாவில் எதிர்ப்பட்டால் சௌந்தர்யா லேசாகத் தலையசைப்பாள், நிற்கமாட்டாள். கட்டுப் பிரித்த கை கொஞ்சம் மெலிந்திருந்தது. ஃபீபி சாப்பாட்டை மேஜையிலேயே, திரையைப் பார்த்தபடி முடித்துக்கொண்டாள். ஊறுகாய் எடுத்து வருவதை எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

செப்டம்பரில் ஒருநாள் காலை இன்டர்காம் அடித்தது. 214 என்று காட்டியது. ஃபீபி எடுத்தாள்.

"மேடம், டிசைன்ல இருந்து சௌந்தர்யா பேசறேன். பிரிண்ட் வரமாட்டேங்குது."

மூன்று மாதத்தில் அந்தக் குரல் அவளிடம் பேசுவது அதுதான் முதல் தடவை.

"வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஃபீபி எழுந்தாள்.