மங்கம்மாவின் நாற்பத்தெட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் செய்த ஒரு தப்பிலிருந்து பிறந்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் பெங்களூரில் ஓர் அறக்கட்டளை, ஏழைப் பிள்ளைகளுக்கு மிக மலிவான டேப் ஒன்றைக் கொடுக்கத் திட்டம் போட்டது. ஒரு ஜோடி நல்ல செருப்பு விலையில் ஒரு கம்ப்யூட்டர் என்று மேடையில் சொன்னார்கள், கைதட்டினோம். அதற்குள் ஏற்றுகிற பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். மூலத்தில் ஒரே ஒரு கேள்விக்கு விடை விட்டுப்போயிருந்தது. கேட்டு அனுப்பினால் இரண்டு நாள் ஆகும். நானே போட்டுவிட்டேன்.

கேள்வி எண் பதினேழு: ஒரு ரயில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஊருக்குப் போகிறது. அதே வழியில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன?

ஐம்பது என்று போட்டேன். (நீங்களும் மனசுக்குள் ஐம்பது என்றுதானே சொன்னீர்கள்? சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.)

2

கதையை இப்படித்தான் ஆரம்பித்தேன்: ‘தங்கம் தீர்ந்துபோன ஊரில், சயனைடு மேடுகளின் மேல் வெயில் மெல்ல…’

வேண்டாம். பழைய தங்கச் சுரங்க ஊர் கே.ஜி.எஃப் பற்றி எழுத உட்கார்ந்தாலே அந்தக் கழிவுமண் மேடு தானாக வந்து நின்றுகொள்கிறது. மங்கம்மா வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் அதைத் திரும்பிப் பார்த்ததேயில்லை.

இரண்டாவது ஆரம்பம்: ‘கணவனை இழந்த மங்கம்மா…’

இது பச்சைப் பொய். அவள் வீட்டுக்காரர் ரவிகுமார் நன்றாகவே இருக்கிறார், ஆட்டோ ஓட்டுகிறார், தினமும் விடியக்காலை அவளை ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறவர் அவர்தான். வாசகர் இரங்கட்டும் என்று ஒரு நல்ல மனுஷனைக் கொல்லப் பார்த்தேன்.

நேராகவே சொல்கிறேன். மங்கம்மாவுக்கு முப்பத்தொன்பது வயது. கே.ஜி.எஃப்பின் ஸ்கெலட்டன் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஒரு லைன்வீடு. பெங்களூர் கார்மென்ட்ஸ் ஒன்றில் ஒன்பது வருடமாக செக்கிங் வேலை. பிசிறு, விட்டுப்போன தையல், கறை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவளிடம் வேலை கற்றுக்கொண்ட இரண்டு பேர் அவளுக்கே சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். அவர்களிடம் எஸ்.எஸ்.எல்.சி. இருந்தது. அவள் பதினாறு வயதில் கணக்கில் ஃபெயில். “உன் மண்டைல இது ஏறாது, விட்டுடு” என்றார் அன்றைக்கு வாத்தியார். அவளும் விட்டுவிட்டாள்.

3

டேப் உண்மையில் வந்தது அவள் மகள் ஸ்வப்னாவுக்கு. மஞ்சள் உறை, உள்ளங்கை அகலத் திரை. ஸ்வப்னா திறந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள்.

“இன்னாம்மா இது, எல்லாம் தமிழ்ல கீது? நான் இங்கிலீஷ் மீடியம். எனக்கு ‘ஆனா ஆவன்னா’வே தட்டுத்தடுமாறும்.”

(அறக்கட்டளைக்காரர்கள் நல்லவர்கள். ஊரில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று விசாரித்தார்கள். பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள் என்று விசாரிக்க மறந்துவிட்டார்கள். நானும் ஞாபகப்படுத்தவில்லை.)

மூன்று வருடம் பீரோவில் கிடந்தது. போன வருடம் இன்னொரு சூப்பர்வைசர் இடம் காலியானபோது, மங்கம்மா அதைத் தூசு தட்டி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம், ரயிலில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

விரல் பட்டால் அந்தத் திரைக்குத் தெரியாது, நகத்தால் அழுத்த வேண்டும். இட்லி குண்டான் மாதிரி சூடாகும். சார்ஜ் பாதி வழியில் வருகிற மாலூரைத் தாண்டாது. ஆகவே காலையில் பாதிப் பாடம், மாலையில் பாக்டரியில் சார்ஜ் போட்டுக்கொண்டு மீதிப் பாடம். பக்கத்தில் எப்போதும் ஜாய் உட்கார்ந்திருப்பாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஒன்பது வருட ரயில் சிநேகிதி.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த அரைகுறை டேப் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒரே பாடத்தைப் பதினோரு தடவை கேட்டாலும் அது சலித்துக்கொள்ளவில்லை. பின்னத்தைப் பார்த்துப் பயந்த பெண், இரண்டு மாதத்தில் சமன்பாடு போட்டாள். சரியான விடைக்கு அது கைதட்டும் சத்தம் எழுப்பும். பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு வெட்கமாகவும் இருக்கும், நன்றாகவும் இருக்கும்.

அப்புறம் பதினேழாவது கேள்வி வந்தது.

4

நோட்டில் போட்டுப் பார்த்து நாற்பத்தெட்டை அழுத்தினாள். சிவப்பு இன்ட்டு. திரைதான் தப்பாக எடுத்துக்கொண்டது என்று நினைத்து, நகத்தை ஊன்றி மறுபடி அழுத்தினாள். மறுபடி இன்ட்டு. கடைசியில் ஐம்பதை அழுத்தினாள். டேப் கைதட்டியது.

ஒரு வாரம் அதைத் தொடவில்லை.

“இன்னாடி, படிப்பு முடிஞ்சிதா?” என்றாள் ஜாய்.

“எனக்கு ஏறாது ஜாய். அப்பவே வாத்தியாரு சொன்னாரு.”

ஜாய் நோட்டை வாங்கிப் பார்த்தாள். “நாப்பது, அறுவது. நடுவுல அம்பது. சரியாத்தான சொல்லுது?”

“இல்லடி. இப்போ தூரம் நூத்திருவது கிலோமீட்டர்னு வெச்சிக்கோ. போறப்போ மூணு மணி நேரம். வரப்போ ரெண்டு மணி நேரம். மெதுவா போற வண்டிலதான நாம ரொம்ப நேரம் குந்திகினு கீறோம்? அப்போ அது எப்டி சரியா நடுவுல வந்து நிக்கும்?”

ஜாய் போனை எடுத்தாள். போக, வர இருநூற்று நாற்பது கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தால் வகுத்தாள். திரையைப் பார்த்தாள், மங்கம்மாவைப் பார்த்தாள்.

“மங்கா, மெஷினுதான்டி தப்பு.”

மங்கம்மா நம்பவில்லை. இன்னும் இரண்டு தடவை வகுக்கச் சொன்னாள்.

(இங்கே முதல் வரைவில் அவளை அழவிட்டிருந்தேன். படித்துக் காட்டியபோது, “நான் இன்னாத்துக்கு சார் அழணும்? எனக்குக் கோவம்தான் வந்திச்சி” என்றாள். எடுத்துவிட்டேன்.)

5

டேப்பின் பின்பக்கம் இருந்த அறக்கட்டளை எண் உபயோகத்தில் இல்லை. ஆனால் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் ‘தமிழாக்கம்’ என்று என் பெயரும் கைப்பேசி எண்ணும் இருந்தன. வேறு வேலை ஏதாவது கிடைக்கும் என்று நான்தான் கெஞ்சிப் போட்டுக்கொண்டது.

“சார், அது அம்பது இல்ல சார். நாப்பத்தெட்டு.”

போனில் கூப்பிட்டது யார், எதற்கு என்று புரியவே எனக்கு நேரம் பிடித்தது. புரிந்ததும் நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன்: “அம்மா, அதெல்லாம் பெரிய நிபுணருங்க பார்த்துப் போட்டதும்மா.”

ரயில் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி அவள் சொன்னாள்: “அந்த நிபுணரை ஒரு வாட்டி எங்க வண்டில வரச் சொல்லுங்க சார்.”

வைத்துவிட்டாள். நான் காகிதம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. மறுநாள் நானே கூப்பிட்டு, நிபுணர் என்று யாரும் இல்லை, அது நான்தான் என்று சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“அப்போ மத்த பசங்க?” என்று கேட்டாள்.

“எந்தப் பசங்க?”

“எத்தினி டேப் சார் குடுத்தீங்க?”

“ரெண்டாயிரம்.”

“அத்தினிலயும் அம்பதுதானா?”

அத்தனையிலும் ஐம்பதுதான். மாற்ற வழியில்லை. விலையைக் குறைக்க, வெளியிலிருந்து எதையும் ஏற்ற முடியாதபடிதான் அதைச் செய்திருந்தார்கள். அறக்கட்டளையும் கலைந்துபோயிருந்தது.

“ஞாயித்துக்கிழமை வாங்க” என்றாள்.

6

போனேன். அவளும் ஜாயும் நானுமாக ஸ்கெலட்டனிலும் அதே ஊர் நந்திதுர்க்கிலும் டேப் வாங்கிய பதிமூன்று வீடுகள் ஏறி இறங்கினோம். ஆறு டேப்கள் செத்துப்போயிருந்தன. ஒன்று சுவாமி படத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுத்திருந்தது. நான்கில் பாட்டு ஓடியது. ஒன்றில் ஒரு தாத்தா தினமும் சதுரங்கம் ஆடுகிறார். பாடத்தைத் திறந்திருந்தது ஒரே ஒரு வீடு.

அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் அமலா. பத்தொன்பது வயது. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். மங்கம்மா கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவள் சொன்னாள்:

“ரயில் கணக்குதான அக்கா? நான் நாப்பத்தெட்டு போட்டேன். இன்ட்டு வந்திச்சி.”

“அப்பால?”

“அப்பால இன்னா. நமக்கு வராதுன்னு மூடி வெச்சிட்டேன்.”

ஒரு கேள்வியால் ஒருத்தி படிப்பை விட்டாள் என்று எழுத மாட்டேன். அவள் அப்பா வேலை போனது, கல்லூரி தூரம், இன்னும் எத்தனையோ உண்டு. ஆனாலும் அந்தச் சிவப்பு இன்ட்டு…

(இந்த வாக்கியத்தை நான்கு நாளாக முடிக்கப் பார்க்கிறேன். முடியவில்லை.)

மங்கம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நோட்டை விரித்து, “நீ போட்டதுதான் சரி” என்றாள். அமலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஆமாம்மா. தப்பு என்னுது” என்றேன். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தாள்.

7

மங்கம்மா தனித்தேர்வராகப் பரீட்சை எழுதினாள்.

முடிவு ஒன்று: அறுபத்தொரு மார்க், சூப்பர்வைசர் நாற்காலி, ஜாய் ரயில் முழுக்க மைசூர்பாகு கொடுக்கிறாள்.

முடிவு இரண்டு: மூன்று மார்க்கில் போய்விட்டது, மறுநாளும் அதே வண்டி, அதே நோட்டு.

இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று எழுத அவளிடம் அனுமதி கேட்டேன். “வாணாம் சார். பாசுன்னா டேப் நல்லதும்பாங்க. ஃபெயிலுன்னா மங்கம்மா மக்கும்பாங்க. அந்தக் கணக்கு நான் போட்டது. அத்த மட்டும் எழுதுங்க.”

எழுதிவிட்டேன். ஆனால் இரண்டாயிரத்தில் நாங்கள் பார்த்தது அவளுடையதையும் சேர்த்துப் பதினான்கு. மற்றவை எங்கெங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ மஞ்சள் உறை போட்ட ஒன்று உயிரோடு இருக்கலாம். அதன் முன்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்து, நாற்பத்தெட்டு போட்டுவிட்டு, சிவப்பு இன்ட்டுவையே பார்த்துக்கொண்டிருக்கலாம். அடுத்த வரியை நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.