கைக்குட்டை போட்ட இடம்

ஏழு நாற்பது பேருந்தைத் திட்டாத வாய் அந்தத் தெருவில் கிடையாது. வந்தால் எட்டேகாலுக்கு வரும், இல்லையென்றால் வராது. வந்தாலும் படிக்கட்டில் அரைக் கால் வைக்க இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. நிறுத்தத்தில் நிற்பவர்கள் தெருமுனையை எட்டி எட்டிப் பார்த்தே ஒட்டகச் சாதியாக மாறிக்கொண்டிருந்தார்கள். அந்த நீண்ட கழுத்துகளில் ஒன்று பல்லழகியுடையது.

பல்லழகி என்பது வேலை செய்கிற இடத்தில் வைத்த பெயர். அவள் பல் ஒன்றும் அத்தனை அழகில்லை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் பதினோரு வருடமாக அவளுக்கு வேலை. பிளாஸ்டர் தாடையில் மெழுகு ஒட்டி, அதில் ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். அந்தப் பல்லெல்லாம் எந்த முகத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்று அவளுக்குத் தெரியாது. அதனாலோ என்னவோ, யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். ஒருவர் அழுதுகொண்டே சொந்தக் கதை சொன்னால்கூட, இவள் கீழ்வரிசை நெருக்கத்தை நோட்டம் விட்டுக்கொண்டிருப்பாள்.

வீட்டில் அவளும் அக்காவும் மட்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அக்காவுக்குப் பதினாறு வயது. அன்றைக்கு மருந்துக் கம்பெனியில் பெட்டி கட்டப் போனவள் இருபத்து நான்கு வருடமாகக் கட்டிக்கொண்டே இருந்தாள். தங்கையைப் படிக்க வைத்ததும் அந்தப் பெட்டிகள்தான். நான்கு மாதத்துக்கு முன்னால் கம்பெனிப் படியில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பில் தகடு வைத்துத் தைத்தார்கள். அவள் இடத்தில் தற்காலிகமாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். இப்போது மேற்பார்வையாளர் போனில் சொல்லிவிட்டார்: வருகிற திங்கட்கிழமை எட்டு மணிக்கு அக்கா வாசலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பெண் நிரந்தரம்.

பெட்டி கட்டுவது உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் அக்காவால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. ஏழு நாற்பதில் அவளை ஏற்றுவதும் மாவு மில்லில் போடுவதும் ஒன்றுதான். பல்லழகிக்குத் தூக்கம் போனது இதனால்தான்.

கொஞ்சம் முன்னால் போனால் கூட்டம் குறைவாக இருக்குமா என்று பார்க்க, அதற்கு முந்தின திங்கட்கிழமை அவள் ஏழு மணிக்கே நிறுத்தத்துக்குப் போய் நின்றாள். ஏழு பத்துக்கு ஒரு பேருந்து வந்தது. அதே எண்தான், ஆனால் பலகையில் வெளுத்துப்போயிருந்தது. அவள் கை காட்டினாள், நின்றது. பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் அசையவே இல்லை. பேருந்து கண்முன்னால் நிற்கும்போதும் அவர்கள் தெருமுனையைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு பேருந்துக்காக நிற்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் ஒரே ஒரு இடம் காலி. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து வேலை பார்க்கும் முதுகு என்பதால் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டாள்.

"நிக்கிறவங்களுக்கு டிக்கெட் கிடையாதும்மா" என்றார் அவர்.

"அது என்ன கணக்கு?"

"நிக்கிறவங்க இறங்கிடுவாங்க. அவங்களுக்கு எதுக்கு டிக்கெட்டு?"

காலை நேரத்தில் இப்படி நக்கல் பேசுகிற ஆள் ஒருத்தராவது எல்லாப் பேருந்திலும் உண்டு. அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். பேருந்து கடகடவென்று போனது. வழியில் ஒருவரும் ஏறவில்லை, ஒருவரும் இறங்கவில்லை. ஒரு போன் அடிக்கவில்லை, ஒரு இருமல் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டி வளைவில் திரும்பியபோது அவள் சாய்ந்து கம்பியில் தோளை இடித்துக்கொண்டாள். உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு தலைகூட ஆடவில்லை. அது அவள் மனதில் எங்கோ ஒரு மூலையில் முள் மாதிரி தைத்தது. ஆனால் ஏழரைக்கே கூடத்து வாசலில் இறங்கியதும் அந்த முள் மறந்துபோனது. நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்த சந்தோஷம் அப்படிப்பட்டது.

நான்கு நாள் அதே பேருந்து, அதே முகங்கள், அதே காலி இடம். வெள்ளிக்கிழமை அவள் துணிந்து கண்டக்டரிடம் கேட்டாள்.

"அண்ணே, திங்கட்கிழமை எங்க அக்கா வர்றாங்க. கால் முடியாதவங்க. அந்த இடத்தை அவங்களுக்கு வச்சிருப்பீங்களா?"

கண்டக்டர் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "துணி போட்டுட்டுப் போ. துணி போட்ட இடத்தை வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்."

மூன்று நாளுக்கு முன்பே இடம் பிடிப்பது வேடிக்கையாகத்தான் இருந்தது. இருந்தாலும் பையிலிருந்து நீலக் கட்டம் போட்ட கைக்குட்டையை எடுத்து இருக்கையின் மேல் விரித்தாள். பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் கால்களை ஒதுக்கி வழி விட்டார்.

"நல்ல காரியம்மா. ரொம்ப நாளா காலியா கிடக்கு" என்றார்.

அவர் பேசியபோது அவள் கண் வழக்கம்போல வாய்க்குப் போனது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி. பல் செட்டில் யாரும் இடைவெளி விடச் சொல்வதில்லை. பதினோரு வருடத்தில் ஒரே ஒருவர்தான் கேட்டிருந்தார். 'வாலிபத்தில் இருந்த மாதிரியே வேண்டும்' என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது. தன் கைவேலையை ஒரு வாயில் நேராகப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பெருமை தாங்கவில்லை.

"பல் செட்டா ஐயா? எப்படி இருக்கு?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இடது பக்கம் கொஞ்சம் கடிக்குது."

"டாக்டர்கிட்ட காட்டினா ராவிக் குடுப்பாங்களே."

"எங்கம்மா போறது? இறங்க முடிஞ்சாத்தானே" என்றார் பெரியவர்.

கூடத்துக்குப் போனதும் முதல் வேலையாக முதலாளியிடம் சொன்னாள். அவர் தாடை ஒன்றைத் தேய்த்துக்கொண்டே, "எந்த இடைவெளி கேஸு? அந்தப் பெரியவரா? அவர் பல்லு வாங்கிக்கவே வரலையேம்மா. அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார். பொக்கை வாயோட அனுப்ப வேணாம்னு மகன் ஓடி வந்து வாங்கிட்டுப் போனார். நீ அன்னிக்கு லீவு" என்றார்.

அவள் கையிலிருந்த மெழுகு ஆறிக் கல்லாகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். உலகத்தில் இடைவெளிப் பல் ஒருவருக்குத்தானா உண்டு என்று தன்னையே அதட்டினாள். அதட்டல் எடுபடவில்லை. அந்த செட்டில் அவள் யாரிடமும் சொல்லாத ஒரு தப்பு இருந்தது. அன்றைக்கு அந்த நிறத்தில் கோரைப் பல் தீர்ந்துபோய்விட்டதால், இடது பக்கம் மட்டும் ஒரு படி மஞ்சளான பல்லை நட்டுவிட்டாள். வாய் நிறையச் சிரித்தால்தான் அது தெரியும். பெரியவர் அப்படிச் சிரிக்கவில்லை என்பது மட்டும்தான் அவளுக்கு இருந்த ஆறுதல்.

சனிக்கிழமை ஏழு நாற்பதில் போனாள். அது எட்டு இருபதுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, நாளைக்கு வாடகை வண்டி பிடிச்சுக்கலாமா?"

"எதுக்கு? நீதான் அந்த பஸ்ல இடம் பிடிச்சுத் தர்றேன்னு வாரமெல்லாம் தம்பட்டம் அடிச்சியே."

"அந்த பஸ்ஸு எனக்கு என்னவோ சரியாப் படலை."

"நேரத்துக்கு வருது, உட்கார இடம் இருக்கு, டிக்கெட்டும் இல்ல. இதுல என்ன சரியில்லையாம்? நல்லதுன்னு ஒண்ணு வந்தா உனக்கு நம்பவே தெரியாதுடி." அக்கா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, நான்கு மாதமாக மடித்து வைத்திருந்த சீருடைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபிறகு, செத்தவர் பல்லைப் பற்றி எப்படிப் பேசுவது?

திங்கட்கிழமை அக்கா ஏழு மணிக்கே நிறுத்தத்துக் கல்லில் தயாராக உட்கார்ந்திருந்தாள். அக்காவின் சாப்பாட்டு டப்பாவும் மாத்திரையும் சேர்த்துப் பல்லழகியின் பையில் இருந்தன. இந்தப் பேருந்து மற்றவர்கள் கண்ணில் படுவதில்லையே, அதுபோல அக்கா கண்ணிலும் படாமல் போகட்டும் என்று அவள் உள்ளுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தாள். ஏழு பத்துக்கு அது வந்து நின்றது.

"இதுதானே?" என்றாள் அக்கா. பதிலுக்குக்கூடக் காத்திராமல் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள். பல்லழகி பின்னாலேயே ஓடி ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது.

நீலக் கைக்குட்டை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. அக்கா ஊன்றுகோலைத் தட்டித் தட்டி மூன்றாவது வரிசைக்குப் போனாள். பெரியவர் அவளைப் பார்த்ததும் கால்களை ஒதுக்கி, வாய் நிறையச் சிரித்தார்.

இடது கோரைப் பல் ஒரு படி மஞ்சளாக இருந்தது.

"அக்கா, உட்காராதே" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஓடிப்போய் அக்காவின் தோளைப் பிடித்தாள். "அக்கா, இறங்கிடலாம், வா."

"பைத்தியமாடி உனக்கு? கால் வெடவெடன்னு நடுங்குது. வழி விடு."

பல்லழகி கண்டக்டர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, வண்டிய நிறுத்துங்க. எங்களுக்கு இடம் வேணாம்."

அவர் கோபப்படவில்லை. சாந்தமாகத்தான் சொன்னார். "துணி போட்டாச்சேம்மா. துணி போட்டவங்க உட்காரணும், இல்லன்னா அவங்க சொன்னவங்க உட்காரணும். யாராவது ஒருத்தர் உட்கார்ற வரைக்கும் வண்டி நிக்காது."

தண்ணீர்த் தொட்டி வளைவு வந்தது. அக்காவும் தங்கையும் மட்டும் சாய்ந்தார்கள். அக்கா விழப்போய் இருக்கை முதுகைப் பிடித்துக்கொண்டாள். முகம் வேர்த்து வெளுத்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மருந்துக் கம்பெனியின் நீண்ட மதில் தொடங்கிவிட்டது. இனி அந்தக் கால் தாங்காது என்று பல்லழகிக்குத் தெரிந்தது. அக்கா கைக்குட்டையை எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினாள்.

யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தால் அவளுக்குத் தைரியம் வந்திருக்காது. அக்காவை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து, கைக்குட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இருக்கை ஜில்லென்று இருந்தது. கண்டக்டர் ஒரு டிக்கெட்டைக் கிழித்து அவள் மடியில் வைத்துவிட்டு விசில் ஊதினார். பேருந்து மெதுவாக நின்றது.

அக்காவின் கண்ணில் நீர் கட்டியது. வலியில் வந்ததல்ல.

"எனக்காக இடம் பிடிக்கிறேன்னு சொல்லிட்டு, என்னையே தள்ளி விட்டுட்டு உட்கார்றே. நான் உன்னை இப்படியா வளர்த்தேன்?"

பல்லழகிக்கு எழுந்து காலில் விழ வேண்டும் போலிருந்தது. எழ முடியவில்லை. முழங்காலிலிருந்து கீழே தன்னுடையது இல்லைபோல் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். சொன்னால் அக்கா இறங்க மாட்டாள்.

"கம்பெனி வந்துடுச்சு அக்கா" என்றாள். "பார்த்து இறங்கு. வலிக்கிற காலை முதல்ல கீழ வை."

"தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வா, பேசிக்கிறேன் உன்கிட்ட."

அக்கா திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வாசலை நோக்கிப் போனாள். வாசல் கடிகாரத்தில் ஏழு இருபத்தைந்து. காவலாளி எழுந்து வணக்கம் வைப்பதும், அக்கா ஏதோ சொல்லிச் சிரிப்பதும் ஜன்னல் வழியே தெரிந்தன. அவ்வளவு கோபத்திலும் சிரித்தாளே என்று பல்லழகிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே பயமும் வந்தது.

மடியிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தாள். ஏறும் இடம் அச்சாகியிருந்தது. இறங்கும் இடம் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை.

அடுத்த நிறுத்தம் அவளுடையது. முதலாளி கூடத்தின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். பேருந்து அவர் முதுகை உரசுகிற மாதிரிக் கடந்துபோனது. அவர் திரும்பவில்லை. அதற்கப்புறம் வந்த தெருக்களை அவள் பார்த்ததில்லை. ஒரு பெரிய வளைவு வந்தது. அவள் வழக்கம்போலக் கம்பிக்குக் கையை நீட்டினாள். தேவைப்படவில்லை.

பக்கத்திலிருந்த பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதே. பல்லு வேலை தெரிஞ்சவ மாதிரி பேசினியே அன்னிக்கு. இந்த இடது பக்கம் கொஞ்சம் பார்க்கிறியா?"

"வாயைத் திறங்க ஐயா" என்றாள். அது பதினோரு வருடப் பழக்கம். உரசுகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ராவுவதற்குச் சின்ன அரம் ஒன்று எப்போதும் பையில் கிடக்கும். அதை எடுக்கப் பைக்குள் கையை விட்டாள்.

கையில் முதலில் தட்டுப்பட்டது அக்காவின் சாப்பாட்டு டப்பா. இன்னும் சூடாக இருந்தது.