கடலில் ஊறிய காஸ் குக்கர்

அரிப்புக் கடற்கரையில் நான் வாடகைக்குக் கொடுத்திருக்கும் வீட்டில் உப்புக்காற்று இரும்பைக் கறளாக்கித் தின்னும். மிகைப்படுத்துவது என் பழக்கமல்ல. போன வருசம் தென்மேற்கிலிருந்து அடித்த சோளகக் காற்று குளிர்சாதனப் பெட்டியை முழுதாகத் தின்று, உள்ளே எரிகிற பல்ப்பை மட்டும் மிச்சம் விட்டது. அங்கே குடியிருக்கும் தாதி பெற்றிசியா அந்த வெளிச்சத்தில் கொஞ்சக் காலம் மீன் வெட்டினாள். காஸ் குக்கரும் உதிர்ந்த அன்று நேரே என்னிடம் வந்தாள்.

"அப்பு, சோளகம் துவங்க முதல் கறள்பிடியாத குக்கர் ஒண்டு போடுங்கோ. இல்லாட்டி நான் ரவுனுக்குப் போறன்."

அவள் போனால் வேறு ஆள் வராது. பல்ப்பின் கதை தலைமன்னார் வரை போய்விட்டிருந்தது.

றிஸ்வியின் கடையில் ஒவன் வைத்த குக்கர்கள் இரண்டு நின்றன. ஒன்று நிறையப் பொத்தான்களோடு மினுங்கியது. மற்றதில் வெறும் திருகுதான். ஆனால் தனி ஆளால் அசைக்க முடியாது.

"எது கனகாலம் நிக்கும், தம்பி?"

"மினுங்கிறதுக்குப் பத்து வருச வொறண்டி, அண்ணை."

"வொறண்டியைக் கடலிட்டைக் கேப்பம்."

நங்கூரம் வாங்கினாலும் கடலில் ஊறவைத்துப் பார்ப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

"அண்ணை, இது அடுப்பு! நங்கூரமில்லை!"

"அப்ப ஏன் இந்தப் பாரம்?"

றிஸ்வி யோசித்தான். பிறகு தானும் வள்ளத்தில் ஏறிக்கொண்டான். கடலடியில் பழைய முத்துச்சிப்பிப் பார் கிடக்கும் இடத்தில் இரண்டையும் தனித்தனிக் கயிற்றில் கட்டி இறக்கினோம்.

சோளகத்தின் முதற்காற்று அடித்த அன்று இழுத்தோம். பெற்றிசியா உடுப்புப் பெட்டியோடு கரையில் நின்றாள். முதற் கயிற்றில் வொறண்டி ஸ்ரிக்கர் மட்டும் வந்தது, ஓர் எழுத்தும் அழியாமல்.

இரண்டாவது கயிறு வரும்போதே தண்ணீருக்கடியில் வெளிச்சம் தெரிந்தது. வலை இழுத்தவர்கள் வலையை விட்டுவிட்டு வந்தார்கள். பொட்டுக் கறள் இல்லை. சிப்பிகள் ஒட்டப் பார்த்து வழுக்கிய தடம் மட்டும் இருந்தது. கரையில் இறக்கி, சிலிண்டரைப் பூட்டிக் குச்சியைக் கிழித்தேன். குக்கர் கொஞ்சம் கடலை இருமித் துப்பியது. பிறகு நீலச் சுடர் வட்டமாக எழுந்து நின்றது. சோளகம் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. பெற்றிசியா சிலுவை அடையாளம் போட்டாள். ஆயுள் முழுக்கக் கடலில் கிடந்தவன் நான். தண்ணீரிலிருந்து நெருப்பு வந்ததை அன்றுதான் கண்டேன்.

அவள் ஒவனைத் திறந்தாள். உள்ளே ஒரு பேய்க்கணவாய் எட்டுக் கைகளையும் கட்டிக்கொண்டு இருந்தது. தட்டாமல் உள்ளே வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

"அப்பு, இதில ஏற்கெனவே ஆள் இருக்கு."

"அவர் போயிடுவார், பிள்ளை."

பேய்க்கணவாய் ஒரு கையை நீட்டி, உள்ளிருந்தபடியே கதவை இழுத்துச் சாத்திக்கொண்டது. பெற்றிசியா கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"நல்ல இறுக்கம்," என்று பெட்டியைக் கீழே வைத்தாள். "இதை வீட்டை கொண்டு வாங்கோ. மேலடுப்பு ரெண்டும் எனக்கு. ஒவன் அவருக்கு."