தகரத் தொட்டியில் ஆறு

காலை ஏழு மணிக்கே ரேலீன் தகரத் தொட்டியை முற்றத்துக்கு இழுத்து வந்து, ரப்பர் குழாயை அதில் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி. வெள்ளம் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஆற்றங்கரையில் இருந்த மழலையர் பள்ளி சேற்றோடு போய்விட்டதால், மேட்டுத் தேவாலயத்தின் கூடத்தில்தான் இருபத்திரண்டு குழந்தைகளையும் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். ரேலீனின் சொந்த வீட்டில் வெள்ளத்துக்குப் பிறகு சுவர்ப் பலகையே கிடையாது, வெறும் மரச்சட்டம்தான். வாசலில் நிறுத்திய கேரவன் வண்டியில் படுத்து எழுந்து வேலைக்கு வருகிறாள்.

பொறுப்பாளர் பெலிண்டா காபிக் கோப்பையோடு வந்தாள்.

"இன்னிக்குமா தொட்டி? தலைமை ஆபீஸ்லேர்ந்து அந்தம்மா பத்து மணிக்கு வர்றாங்க ரேலீன். பிள்ளைங்களுக்கு வெள்ளத்தையே ஞாபகப்படுத்திக்கிட்டு இருக்கோம்னு யாரோ புகார் எழுதிப் போட்டுருக்காங்க. எடுத்து உள்ள வச்சிரு."

"மறந்திருந்தாத்தானே ஞாபகப்படுத்துறதுக்கு?"

"வம்பு பண்ணாத. அவங்க வேணாம்னுட்டா அப்புறம் தொட்டியே கிடையாது."

"வரட்டும், பாத்துட்டுச் சொல்லட்டும். இருபது வருஷமா மூக்கு துடைச்சு விடுறேன். எந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

ஹார்லோவை மனதில் வைத்துத்தான் அவள் அப்படி அடித்துப் பேசினாள். ஐந்து வயதுப் பெண். வெள்ளத்தன்று அவளுடைய தாத்தா கூரைக்கடியில் இருந்த பரணில் ஏறி உட்கார்ந்து, படகுக்குக் காத்திருந்தே உயிரை விட்டவர். அடக்கம் முடிந்த நாளிலிருந்து தாத்தா என்ற சொல்லையே பிள்ளை எடுக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் தினமும் தொட்டிக்குள் கட்டைகளால் வீடு கட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பொம்மைகளைக் கூரையில் ஏற்றி ஓவென்று கத்துவார்கள். ஐஸ்கிரீம் டப்பா மூடி படகாக வந்து எல்லோரையும் காப்பாற்றும். ஹார்லோ மட்டும் தண்ணீர் ஏறுமுன்பே நரைமுடிப் பொம்மையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்வாள். ஏன் என்று ரேலீன் ஒரு நாளும் கேட்டதில்லை. தொட்டி அங்கேயே இருந்தால் போதும், ஒரு நாள் பொம்மை வெளியே வரும் என்று நம்பினாள்.

பத்து மணிக்கு அந்த அம்மாள் வந்தாள். சேறே படாத பூட்ஸ், கையில் தாள் செருகிய அட்டை. விளையாட்டு சட்டென்று நின்றது. இந்த ஊரில் அட்டையோடு வருகிறவர்கள் இன்ஷூரன்ஸ்காரர்கள்தான்; வீட்டைச் சுற்றிப் பார்த்து, பணம் கிடையாது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போகிறவர்கள்.

"எங்க வீட்டப் பாக்க வந்தியா?" என்றான் பாஞ்சோ என்ற பையன்.

"இல்ல கண்ணு. நீங்க விளையாடுறதப் பாக்க வந்தேன்."

ஹார்லோ அந்த அட்டையையே வெறித்துப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து பொம்மையை எடுத்துக் கட்டைவீட்டின் கூரையில் வைத்தாள். ஜாடியைத் தூக்கி அவளே தண்ணீர் ஊற்றினாள். கூரை முங்கியது, பொம்மையும் முங்கியது.

"தாத்தா கூப்பிட்டாரு. படகு வரல."

பெலிண்டா பதறிப்போய் டப்பா மூடியைத் தண்ணீரில் தள்ளினாள். "இதோ வந்துருச்சு பாரு!"

ரேலீன் பெலிண்டாவின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு ஹார்லோவைப் பார்த்தாள். "ஆமா செல்லம். வரல."

"ஏன்?"

"படகு கம்மி, கூப்பிட்டவங்க நிறைய. தாத்தா மேல தப்பில்ல. உன் மேலயும் இல்ல."

"அவருக்குக் குளுந்துச்சா?"

"குளுந்திருக்கும்."

ஹார்லோவுக்கு அழுகை வெடித்தது. ரேலீன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டாள். நெஞ்சு வலித்தது. கூடவே, சொல்லக் கூசினாலும், சந்தோஷமாகவும் இருந்தது.

வந்த அம்மாள் அட்டையை நாற்காலியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "தொட்டி இருக்கட்டும்," என்றாள்.

அட்டை சும்மா கிடப்பதைப் பார்த்த பாஞ்சோ அதை எடுத்துக்கொண்டான். கட்டைவீட்டைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, உச்சுக் கொட்டினான்.

"மழைத்தண்ணி புகுந்ததுன்னா பணம் குடுத்திருப்போம். இது ஆத்துத்தண்ணி. ரொம்ப வருத்தம். இங்க கையெழுத்துப் போடுங்க."

ஒரு சிவப்பு வாளிக்காக மண்டையை உடைத்துக்கொள்கிற பிள்ளைகள், யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வரிசையில் நின்று, ஒவ்வொருவராகப் பேனாவை வாங்கிக் கிறுக்கினார்கள். ஹார்லோ மடியிலிருந்து இறங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, சொட்டச் சொட்ட நனைந்த பொம்மையோடு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.