குறுக்கே ஒரு மாமியார்

மாமியார் மாதிரி நடந்து காட்டுவதற்குள் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வயிற்றில் தலையணை, தலையில் எங்கம்மாவின் வெள்ளை முக்காடு! எங்கள் நரின் நகரக் கலையரங்கில் அன்று உட்கார இடமில்லை. விருப்பமில்லாத பெண்ணைக் காரில் தூக்கி வந்து, முக்காட்டைப் போட்டு மருமகளாக்குகிற கதைதான் எங்கள் நாடகம். பார்க்கப் பொறுக்காதவர்கள் "நிறுத்து!" என்று கத்திவிட்டு மேடையேறலாம், அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று தாங்கள் என்ன செய்வோம் என்று காட்டலாம். அப்படித்தான் எங்கள் நாடகக் குழுவை நடத்தும் குல்சதா அக்கா எங்களைப் பழக்கியிருந்தார். ஆனால் இதுவரை போன எந்த ஊரிலும் ஒரு ஈ காக்கைகூட மேடையேறியதில்லை.

மூன்றாவது வரிசையில் என் பெஞ்சுத் தோழி மீரிம், பக்கத்தில் அவளோடு பழகும் குபத். அவளுடைய போன் எப்போதும் அவன் சட்டைப் பையில்தான். ஒருநாள் அவள் கையில் நீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்துக் கேட்டேன். "கார் கதவு இடிச்சிடுச்சுடி" என்றாள். கார் கதவுக்கு ஐந்து விரலாம்! மே மாதம் பள்ளிக்கூடம் முடிந்ததும் அவளைத் தூக்கிப் போகப்போவதாக அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அவளுக்கோ தலைநகர் பிஷ்கெக் போய் நர்ஸுக்குப் படிக்க ஆசை. அதனால்தான் கையைக் காலைப் பிடித்து அவளை நாடகத்துக்கு வரவழைத்தேன். அவனும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டான், சனியன்.

மாப்பிள்ளை வேஷத்தில் எர்லான், கதாநாயகியின் போனைப் பிடுங்கி, "எவன்கூடடி பேசின?" என்று உறுமினான். அரங்கமே சிரித்தது. குபத் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். கதாநாயகி முக்காட்டை உதறிவிட்டு வாசலுக்கு ஓட, நான் குறுக்கே படுத்தேன். வயசான பெண்ணைத் தாண்டிப் போகிறவள் நன்றாக வாழமாட்டாள் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. அழுதுகொண்டே திரும்பி உள்ளே போன பெண்கள் எத்தனையோ பேர்.

"தாண்டித்தான் பாரேன்டி! தாண்டினா நீ உருப்படுவியா?" என்று கத்தினேன்.

"நிறுத்து!"

ஐயோ, மீரிம்! குபத்தின் பிடியை உதறிவிட்டு விறுவிறுவென்று மேடையேறி வந்தாள். கிட்டே வந்ததும் தயங்கினாள்.

"பெகிமாய், கால் பட்டா கோவிச்சுக்காதடி" என்று கிசுகிசுத்தாள்.

"மிதிச்சிட்டே போடி!"

தாண்டினாள்! யாரோ விசிலடித்தார்கள். எர்லான் தன் வேஷத்தை மறந்து கைதட்டினான். படுத்திருந்த எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது.

அவள் திரும்பி, மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். "குபத், என் போனைக் குடு. நான் உன்கூட வரல. இன்னைக்கும் வரல, மே மாசமும் வரல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"நாடகமாடினது போதும், இறங்குடி கீழ!" அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து மேடைப் படிக்கட்டுக்குப் பாய்ந்தான். குல்சதா அக்கா கடைசி வரிசையிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார், ஆனால் தூரம் அதிகம். நான் யோசிக்கவே இல்லை. தலையணையோடு உருண்டு போய்ப் படிக்கட்டின் மேல்படியில் குறுக்கே விழுந்தேன்.

"தாண்டிப் பாருடா!"

முன்வரிசைப் பெண்கள் "டேய்!" என்று எழுந்துவிட்டார்கள். குபத் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றான். அவன் பூட்ஸில் ஒட்டியிருந்த பனி உருகி, என் வெள்ளை முக்காட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.