அலம்பிக் கொடுத்த பெட்பேன்

என் மனைவி ஜகதாம்பாளைப் போல் ஒரு அசட்டுச் சுத்தக்காரியைக் கல்கத்தா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. முழங்கால் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். புண் சீழ் பிடிக்காமலிருக்க ஆன்டிபயாடிக் ஏற்றுகிறார்கள். காலையில் டாக்டர் சாய்பிரியா வந்து, "மாமி, வயிறெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டாள். மகாராணி, "பேஷா இருக்கு" என்றாள். மத்தியானம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தாள். லேக் கார்டன்ஸ் வீட்டைப் பெருக்கி வைக்கச் சொல்லி நானும் போன் போட்டேன்.

பேசி முடித்துத் திரும்பினால் கட்டிலில் ஆளைக் காணோம். குளியலறையில், ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெட்பேனில் டெட்டால் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. தொட்டால் கொதித்தது.

"அடிப் பாவி! ஆயா மாலதி எதுக்கு இருக்கா?"

"மாலதி மாசி பாவம்னா. என் அசிங்கத்தை அவ எதுக்குத் தொடணும்? அலம்பித்தான் குடுக்கறேன்."

"எப்போலேர்ந்து வயத்தால போறது?"

"முந்தாநாள்லேர்ந்து. தண்ணி தண்ணியா. யார்கிட்டயும் சொல்லாதீங்கோ, மானம் போயிடும்."

"உயிர் போனா மானத்தை வெச்சுண்டு என்னடி பண்ணுவே?" என்று கத்தினேன். கோபமா பயமா, எனக்கே தெரியவில்லை.

டாக்டர் ஓடி வந்தாள். ஆன்டிபயாடிக் எடுப்பவர்களின் குடலில் ஆஸ்பத்திரிக் கிருமி ஒன்று புகுந்துகொள்ளுமாம். கவனிக்காமல் விட்டால் குடல் வீங்கி உயிருக்கே ஆபத்தாம். "இப்பவே மோஷன் சாம்பிள் வேணும். கிட்ல போட்டா கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுடும். டெட்டால் மட்டும் படக் கூடாது, மாமி."

மாசி கையில் தரமாட்டேன் என்று இவள் பிடிவாதம். கையுறையை மாட்டிக்கொண்டு டப்பியை நானே வாங்கினேன். கல்யாணமானதிலிருந்து காபி டம்ளர்கூட அலம்பாத கை.

"ஐயோ, நீங்களா? அம்பாளே!" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பேசாம உக்காரு," என்றேன்.

சோதனை அட்டையில் கோடு விழுந்தது. அதே கிருமிதான். பழைய மருந்தை நிறுத்திவிட்டுப் புதிய மருந்தைத் தொடங்கினார்கள்.

"வீட்டுக்குப் போயிருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும், மாமா. இது மத்தவங்களுக்கும் பரவும். இனி அந்த பாத்ரூமை யாரும் யூஸ் பண்ணக் கூடாது" என்றாள் டாக்டர்.

ஜகதாம்பாளின் முகம் செத்துப்போயிற்று. அந்தக் குளியலறை பக்கத்துக் கட்டில் போஸ் அம்மாவுக்கும் பொது.

தனி அறைக்குப் போகச் சக்கர நாற்காலி வந்தது. ஏறி உட்கார்ந்தவள், அதை நிறுத்தச் சொல்லி, "தீதி, உங்களுக்கும் வயத்தால போறதா?" என்று போஸ் அம்மாவிடம் வங்காள மொழியில் கேட்டாள். போஸ் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தண்ணியாப் போச்சு, தீதி!" வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள் என் சுத்தக்காரி. "நான் சொல்லிட்டேன். நீங்களும் சொல்லிடுங்கோ!"

போர்வைக்குள்ளிருந்து போஸ் அம்மா மெல்லத் தலையாட்டினாள். டாக்டர் இன்னொரு டப்பி கொண்டுவரச் சொன்னாள்.