நடந்து காட்டு

லீலாவதியின் வலது கணுக்கால் விண்விண்ணென்று தெறித்தது. மஞ்சள் பற்றைத் துடைத்தெடுத்த அம்மா வள்ளியம்மை, வீக்கம் தெரியாதபடி புடவையை இறக்கிக் கட்டிவிட்டாள்.

"நொண்டுன, தொலைஞ்ச. பல்லக் கடிச்சிக்கினு நட."

"நடக்கவேற சொல்வாங்களாம்மா?"

"பின்ன? ஊனம் இருக்கான்னு பாக்காமயா கட்டிக்கினு போவான்? என்னையும் நடக்க உட்டுத்தான் பாத்தாங்க."

முந்தின நாள் பள்ளிகளுக்கிடையே ஓட்டப் பந்தயம். முன்னால் ஓடிக்கொண்டிருந்த லீலாவதி கடைசி வளைவில் கால் பிசகி விழுந்தாள். கூட்டம் சிரித்தது. முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு அப்படியே கிடந்துவிடலாம் போலிருந்தது. தோற்றுவிடுவோமோ என்று பயந்து பயந்து தூக்கம் கெட்டவள். இதோ, தோற்றாகிவிட்டது. இனி பயப்பட என்ன மிச்சம்? எழுந்தாள். நொண்டி நொண்டி ஓடிக் கடைசி ஆளாகக் கோட்டைத் தொட்டாள். "அடுத்த மாசம் இன்னொரு ரேஸ், வந்துடணும்" என்றாள் டீச்சர்.

டெல்லி கிட்வாய் நகரில் அவர்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்த சரோஜினி நகர் மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியை முடித்தார்கள். மாப்பிள்ளையின் தாய் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"பொண்ணு அந்தக் கதவுவரைக்கும் நடந்து காட்டட்டும்."

பாதி தூரம் லீலாவதி பல்லைக் கடித்தாள். அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டாள். காலை இழுத்தபடியே போய், இழுத்தபடியே திரும்பினாள்.

"ஐயய்யோ, இழுக்குதே!"

"நேத்து ரேஸ்ல விழுந்துட்டேன் ஆண்ட்டி. எந்திரிச்சு ஓடி முடிச்சேன். சீக்கிரம் டீக் ஆயிடும், சரியாப் போயிடும்."

"வயசுப் பொண்ண ஓட உட்டுட்டு, நொண்டிய எங்க தலைல கட்டப் பாத்தீங்களாக்கும்?"

அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

அப்பா பூவராகவன் பொதுப்பணித் துறையில் மண் வெட்டும் பெல்தார். ஏசியாட் விளையாட்டுக்காகக் கட்டிக்கொண்டிருந்த மைதானத்தில் அப்போது அவருக்கு வேலை. காய்ப்பேறிய கையால் நெற்றியில் அறைந்துகொண்டார்.

"அங்கயும் தோத்த, இங்கயும் தோத்த. மானமே போச்சுடி!"

"தோத்தா என்னப்பா? அண்ணன் பத்தாவதுல மூணு வாட்டி ஃபெயிலு. அடுத்த வாட்டி எழுதுவான்னு தட்டிக் குடுத்தீங்களே. எனக்கு மட்டும் அடுத்த வாட்டி கிடையாதா?"

"அவன் ஆம்பள."

அடுத்த மாதம் பந்தயத்தன்று கால் முழுக்க ஆறியிருந்தது. பூவராகவன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டிப் போக அவளுக்குக் கால் வரவில்லை.

தை மாதத்தில் ஆர்.கே.புரத்துப் பையனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். டாக்ஸி ஏறுமுன் காலில் விழுந்தவளைப் பூவராகவன் தூக்கி நிறுத்தினார்.

"ஒனக்கு நான் ஒரு கொறையும் வெக்கலியேம்மா?"

லீலாவதி அழவில்லை.

"ஒரு ரேஸ் பாக்கி இருக்குப்பா."